நோய் அடங்கிவிட்டது, கீமோ மாத்திரையை விட்டு இம்யூனோதெரபிக்கு மாறலாமா?

பாம்பனுக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் தெரியக் கூடாது என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு ஆறு வயது. சென்ற ஆண்டு விட்டுவிட்டுக் காய்ச்சல், கால்வலி, அடிபடாமலேயே உடம்பில் நீலத் திட்டுகள். மதுரையில் பரிசோதித்தபோது ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ‘பி’ வகை அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா, அதில் ஸ்டாண்டர்ட் ரிஸ்க், அதாவது நோய் திரும்பும் ஆபத்து அதிகமில்லாத பிரிவு. முதல் மாதச் சிகிச்சை முடிந்ததும் எடுத்த எலும்பு மஜ்ஜை டெஸ்டில் எம்.ஆர்.டி. (சிகிச்சைக்குப் பிறகும் மிச்சமிருக்கும் புற்றுச் செல்லைத் தேடும் பரிசோதனை) நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. பிறகு பல மாதம் ஊசி, முதுகுத்தண்டு ஊசி என்று கழிந்து, இப்போது ஐந்து மாதமாக வீட்டில் மாத்திரை மட்டும். தினமும் மெர்காப்டோபூரின், வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட். மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய் ஊசியும் ரத்தப் பரிசோதனையும். இன்னும் ஒன்றரை ஆண்டு இப்படித்தான் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

துபாயில் இருக்கும் கொழுந்தனார் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். கீமோவால் முடியாமல் போன ஆறு வயது அமெரிக்கச் சிறுமியை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய் மேல் ஏவும் இம்யூனோதெரபி காப்பாற்றிய கதை. கூடவே ஒரு தனியார் மையத்தின் விளம்பரத் தாளும் வந்திருக்கிறது: ‘பக்கவிளைவே இல்லாத எதிர்ப்புச் செல் சிகிச்சை’, மூன்று தவணை, 18 லட்சம் ரூபாய். அதற்காக நாட்டுப்படகை விற்க விலை பேசியாகிவிட்டது. நகை ஏற்கெனவே அடகில். “நோய்தான் போயிருச்சே, பிறகு எதுக்கு இந்த விஷம்?” என்கிறார் கணவர். மாமியார் நித்தியகல்யாணிக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார். வெள்ளணு எண்ணிக்கை 2,400க்கு இறங்கியதைப் பார்த்துப் பயந்து, மூன்று வாரமாக மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்து வருவதாகக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். இது மருத்துவமனைக்குத் தெரியாது.

சகோதரி, கடைசிப் பக்கத்தில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை மறைக்காமல் எழுதினீர்களே, அதனால்தான் இந்தப் பதிலால் உங்கள் பிள்ளைக்கு ஏதாவது பயன் இருக்கப் போகிறது. மாத்திரையை இன்றிலிருந்தே சொன்ன அளவில், தினமும் கொடுக்க வேண்டுமா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. நாளைக் காலையில் மதுரைக்குப் போன் செய்து, மூன்று வாரமாக நடந்ததை அப்படியே சொல்லுங்கள். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

டெஸ்டில் தெரியாதவை

எம்.ஆர்.டி. நெகட்டிவ் என்றால் நோய் அறவே போய்விட்டது என்று உங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது மிக நல்ல முடிவுதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தப் பரிசோதனை சொல்வது ஒன்றே ஒன்று: எடுத்த மஜ்ஜையில் பத்தாயிரம் செல்லுக்கு ஒன்று என்ற அளவுக்குக்கூடப் புற்றுச் செல் தென்படவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படும்போது ஒரு குழந்தையின் உடம்பில் லட்சம் கோடி என்ற கணக்கில் அந்தச் செல்கள் இருக்கும். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போன பிறகும் கோடிக்கணக்கில் மிச்சம் இருக்க முடியும். இந்த டெஸ்டில் அவை அகப்படாது.

நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தரைக்கு மேலே துப்புரவாக இருக்கும். அடுத்த மழைக்குத் தூரிலிருந்து துளிர்த்துவிடும்.

இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு தயாரித்த அமினாப்டெரின் என்ற மருந்தை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் லுகேமியாக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1948இல் முடிவை வெளியிட்டார். குழந்தைகள் எழுந்து விளையாடினார்கள். சில மாதங்களில் நோய் திரும்பியது. அடக்குவது ஒரு வேலை, அடங்கியதை அப்படியே வைத்திருப்பது வேறு வேலை என்பது அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. உங்கள் மகன் வாரம் ஒருமுறை விழுங்கும் மெத்தோட்ரெக்சேட் அந்த அமினாப்டெரினுக்கு நெருங்கிய உறவு.

சிகிச்சைக் காலத்தைக் குறைத்தும் பார்த்திருக்கிறார்கள். 1990களில் ஜப்பானில், டோக்கியோ மருத்துவர் குழு ஒன்று நோய் கண்டுபிடித்ததிலிருந்து ஒரே ஆண்டில் எல்லா மருந்தையும் நிறுத்தியது. நோய் திரும்பாமல் தப்பிய குழந்தைகள் நூற்றுக்கு 60 பேர்தான். இன்றைய முழுச் சிகிச்சையில் ஸ்டாண்டர்ட் ரிஸ்க் குழந்தைகள் இதைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறார்கள். இரண்டு, இரண்டரை ஆண்டு என்று உங்களிடம் சொல்லும் கணக்கு இப்படி வந்ததுதான். யாரோ ஒருவர் தோராயமாகச் சொன்னதில்லை.

எந்த இம்யூனோதெரபி?

இம்யூனோதெரபி என்ற பெயரில் உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சரக்கு. மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலாவது, வீடியோவில் வந்த சிறுமி. அவர் எமிலி ஒயிட்ஹெட்டாக இருக்க வேண்டும். 2012இல் பிலடெல்பியாவில் கார்-டி சிகிச்சை பெற்றார். குழந்தையின் ரத்தத்திலிருந்தே டி-செல்கள் என்ற எதிர்ப்புச் சக்தி வெள்ளணுக்களை எடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும்படி ஆய்வகத்தில் மாற்றி, திரும்ப உடம்பில் ஏற்றுவது. கதை உண்மை, அந்தப் பெண் நலமாகவும் இருக்கிறார். ஆனால் அவருக்கு அது செய்யப்பட்டது கீமோ கொடுத்தும் நோய் இரண்டு முறை திரும்பிய பிறகு. சிகிச்சையின் பக்கவிளைவால் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடியதையும் இரண்டு நிமிட வீடியோவில் காட்டியிருக்க மாட்டார்கள். ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு நம் நாட்டிலும் 2023இல் அனுமதி கிடைத்தது. அதுவும் வேறு சிகிச்சைக்கு அடங்காத, அல்லது திரும்பி வந்த நோய்க்கு, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. முதல் சிகிச்சையிலேயே நோய் அடங்கி, அடங்கியபடியே இருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு இதைச் செய்வதில்லை.

இரண்டாவதுதான் நீங்கள் நிஜமாகவே கேட்க வேண்டிய கேள்வி: பிளினாடுமோமாப். இந்த மருந்து ஒரு பக்கம் நம் டி-செல்லையும் மறுபக்கம் புற்றுச் செல்லின் மேலிருக்கும் சி.டி.19 என்ற குறியையும் பிடித்து, இரண்டையும் அருகருகே நிறுத்துகிறது. பிறகு டி-செல் தன் வேலையைச் செய்கிறது. 28 நாள் இடைவிடாமல் பம்ப் மூலம் ரத்தத்தில் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அது ஒரு சுற்று. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் ஸ்டாண்டர்ட் ரிஸ்க் குழந்தைகள் 1,440 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. கீமோ மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுக்குப் பிறகு நோயின்றி இருந்தவர்கள் சுமார் 88 சதவீதம். கீமோவோடு பிளினாடுமோமாப் இரண்டு சுற்றும் பெற்றவர்களில் 96 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிப்பதை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். எங்கள் துறையில் இவ்வளவு நல்ல செய்தி அடிக்கடி வருவதில்லை.

இந்த ஆய்வை உங்கள் கொழுந்தனாரிடம் யாராவது சொன்னால், கீமோவை இம்யூனோதெரபி வென்றுவிட்டது என்றுதான் சொல்வார்கள். நடந்தது வேறு. அந்த 96 சதவீதக் குழந்தைகளும் கீமோவை விடவில்லை. முதல் மாதத்துக் கீமோ, அதன்பின் வந்த கீமோ, இடையே இரண்டு சுற்று பிளினாடுமோமாப், பிறகு உங்கள் மகன் இப்போது விழுங்கும் இதே மாத்திரைகள். மாத்திரைக் கட்டத்துக்கு மாற்றாக அந்த மருந்தை அங்கே யாரும் வைத்துப் பார்க்கவில்லை. நோய் திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு பிரிவுக் குழந்தைகளை அந்தக் குலுக்கலில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்குக் கீமோ மட்டுமே போதும் என்று விட்டார்கள்.

“அப்படியென்றால் என் பிள்ளைக்கு அந்த இரண்டு சுற்றைக் கொடுக்காமல் விட்டுவிட்டோமா?” என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். அந்த மருந்தின் விலை லட்சங்களில் இருக்கிறது. பம்போடு ஒரு மாதம், அதைப் பார்த்துக்கொள்ளப் பழகிய செவிலியர்கள், காய்ச்சலோ வலிப்போ வந்தால் உடனே கவனிக்க ஏற்பாடு என்று எல்லாம் வேண்டும். நம் நாட்டின் பெரும்பாலான மருத்துவமனைகளில் ஸ்டாண்டர்ட் ரிஸ்க் குழந்தைகளுக்கு இன்னும் கீமோதான் அடிப்படைச் சிகிச்சை. அதைப் பெற்றதால் உங்கள் மகன் ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டாம். கீமோ மட்டும் பெற்ற அந்த 88 சதவீதத்தையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு எம்.ஆர்.டி. நெகட்டிவாக வந்திருப்பது அவன் பக்கம் நிற்கும் நல்ல சான்று. ஒருவேளை நோய் திரும்பினாலும் பிளினாடுமோமாப் அப்போதும் கைவசம் இருக்கும். திரும்பி வந்த நோயில் அது கடுமையான கீமோவைவிடக் குறைந்த தொல்லையோடு வேலை செய்கிறது என்று 2021இல் வெளியான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மூன்றாவது, அந்த விளம்பரத் தாள். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மருந்தின் பெயர் எங்குமே இல்லை. ‘எதிர்ப்புச் செல்’ என்கிறார்கள், மூன்று தவணை என்கிறார்கள், பக்கவிளைவே இல்லை என்கிறார்கள். நான் மேலே சொன்ன இரண்டு சிகிச்சைக்கும் பக்கவிளைவு உண்டு. கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குவது, குழப்பம், வலிப்பு வரை போகலாம். உண்மையான இம்யூனோதெரபி செய்கிற எவரும் பக்கவிளைவே இல்லை என்று தாள் அச்சடிக்க மாட்டார். எந்த மருந்து, இந்த வயதில் இந்த நோய்க்கு மத்திய மருந்து தரக்கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ஆராய்ச்சி என்று சொன்னால், பதிவு எண்ணும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் எங்கே என்று கேளுங்கள். ஆராய்ச்சியில் கொடுக்கும் மருந்துக்கு நோயாளியிடம் 18 லட்சம் வாங்குகிறார்கள் என்றால் அங்கே உட்கார வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

படகை விற்காதீர்கள். நான் மருத்துவன், வரவு செலவு சொல்ல வந்தவன் இல்லைதான். ஆனால் இன்னும் ஒன்றரை ஆண்டு மாதாமாதம் மதுரைக்குப் போகவும், திடீர்க் காய்ச்சலுக்கு வண்டி பிடிக்கவும், பிள்ளைக்கு நல்ல சாப்பாடு போடவும் அந்தப் படகுதான் வருமானம். பாதியில் சிகிச்சையை விட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்து பலிக்காமல் போனவர்களைவிட, கையில் காசு தீர்ந்துபோய் நின்றவர்கள் அதில் நிறையப் பேர்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள்

இப்போது அந்த மூன்று வாரம். 2,400 என்ற எண் உங்களைப் பயமுறுத்தியது இயல்பு. ஆனால் இந்தக் கட்டத்தில் எண்ணிக்கை கொஞ்சம் தாழ்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் மருத்துவரின் நோக்கமே. நியூட்ரோபில் என்ற வெள்ளணு பொதுவாக 500க்கும் 1,500க்கும் நடுவே நிற்கும்படி மாத்திரை அளவைக் கூட்டியும் குறைத்தும் கொண்டுபோவார்கள். மருந்து உள்ளே வேலை செய்கிறது என்பதற்கு வெளியில் தெரியும் முக்கிய அடையாளம் அதுதான். 500க்குக் கீழே போனால் அவர்களே சில நாள் நிறுத்தச் சொல்வார்கள்.

நீங்கள் பாதி மாத்திரை கொடுத்துக்கொண்டு, முழுசாகக் கொடுக்கிறேன் என்று சொன்னால் என்ன ஆகும்? எண்ணிக்கை ஏறும். மருந்து போதவில்லை என்று நினைத்து மருத்துவர் அளவைக் கூட்டுவார். நீங்கள் மனம் மாறித் தினமும் கொடுக்கத் தொடங்கும் நாளில், கூட்டிய அளவு முழுவதும் பிள்ளைக்குள் போகும். அப்போதுதான் எண்ணிக்கை ஆபத்தான அளவுக்குச் சரியும். அதனால்தான் முதலில் போன் செய்யச் சொன்னேன். திட்டுவார்கள் என்று தயங்க வேண்டாம், திட்டினாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் மாத்திரை டப்பாவின் மூடியிலேயே மின்னணுக் கருவி பொருத்தி, எந்த நாள் திறந்தார்கள் என்று எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. நூறு நாளில் 95 நாளுக்குக் குறைவாகக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டரை மடங்கும் அதற்கு மேலும் இருந்தது. உங்கள் கேள்விக்கு என்னிடமிருக்கும் நேரான பதில் இதுதான், சகோதரி. புதிய மருந்துக்காக நீங்கள் தேடி அலையும் அந்தக் கூடுதல் பாதுகாப்பின் பெரும்பகுதி உங்கள் வீட்டு அலமாரியில், மாதம் சில நூறு ரூபாய் மாத்திரையில் இருக்கிறது.

மெர்காப்டோபூரினை வெறும் வயிற்றில்தான் கொடுக்க வேண்டும், பாலோடு கூடாது என்று முன்பு சொல்வோம். சாப்பாட்டோடு கொடுத்தாலும் நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை என்று பின்னர் தெரிந்துவிட்டது. பையன் எப்போது அடம்பிடிக்காமல் விழுங்குவானோ அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு, தினமும் அதே நேரத்தில் கொடுங்கள். மெத்தோட்ரெக்சேட் மட்டும் வாரம் ஒரே ஒரு நாள். அந்தக் கிழமையைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். தவறுதலாக அதைத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்றும் கேளுங்கள்: எண்ணிக்கை சட்டென்று சரிகிற குழந்தைகளுக்கு என்.யு.டி.டி.15, டி.பி.எம்.டி. என்ற இரண்டு மரபணுக்களைப் பார்ப்பது உண்டு. முதலாவதன் மாற்றம் ஆசியர்களிடம் அதிகம். அது இருந்தால் மெர்காப்டோபூரின் அளவைக் குறைத்தே கொடுக்க வேண்டும். அந்தக் குறைந்த அளவே அந்தக் குழந்தைக்கு முழு அளவு.

கஷாயம், காய்ச்சல், அம்மை

மாமியாரிடம் இதைச் சண்டையில்லாமல் சொல்லுங்கள்: அவர் செடியைத் தவறாகப் பிடிக்கவில்லை. உங்கள் ஊர் மணலில் தானாக முளைக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் வருகிறது. உங்கள் மகனுக்கு மதுரையில் நரம்பில் போடுகிறார்களே, அதே ஊசி. ஒரு கிராம் வின்கிரிஸ்டின் பிரிக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒரு டம்ளர் கஷாயத்தில் அது எவ்வளவு, அதோடு இலையில் இருக்கும் மற்ற நச்சுகள் எவ்வளவு என்று யாராலும் அளக்க முடியாது. ஈரலையும் எண்ணிக்கையையும் அது கெடுத்தால், பழி மாத்திரை மேல் விழும், மாத்திரையை நிறுத்துவார்கள். இன்றோடு போதும். கடல்பாசிப் பொடி, எதிர்ப்புச் சக்தி டானிக் என்று எது வந்தாலும் மதுரையில் காட்டாமல் வாயில் வைக்க வேண்டாம். மீன் தாராளமாகக் கொடுங்கள், நன்றாக வேகவைத்து. மணலில் காயப்போட்ட கருவாடு மட்டும் சிகிச்சை முடியும் வரை வேண்டாம்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாரசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மதுரையைவிட உங்களுக்கு எவ்வளவோ அருகில். முதல் ஆன்டிபயாடிக் ஊசி அங்கேயே, அரை இரவானாலும். என்ன நோய், என்ன மருந்தில் இருக்கிறான், காய்ச்சல் வந்தால் எந்த ஊசி போட வேண்டும் என்று மதுரை மருத்துவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி, பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு 108.

அம்மை விஷயத்தில் நம் ஊர் வழக்கம் எனக்குத் தெரியும். வேப்பிலை கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மருத்துவமனைக்குப் போகக் கூடாது என்பதில்தான் ஆட்சேபம். வெள்ளணு குறைந்த குழந்தைக்குச் சின்னம்மை நுரையீரலுக்கும் ஈரலுக்கும் பரவி உயிரை எடுத்துவிடும். பக்கத்து வீட்டில் யாருக்காவது போட்டு, இவன் அவர்களோடு விளையாடியிருந்தால், இவனுக்கு ஒரு கொப்புளம்கூட வராதபோதே அன்றே மதுரைக்குச் சொல்லுங்கள். தடுக்கும் மருந்து முதல் நான்கு நாளுக்குள் கொடுத்தால் நல்ல பலன் தரும்.

கேட்டு வாங்க வேண்டியவை

இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை. மதுரை மருத்துவரிடம் சொல்லிவிட்டே போகலாம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சிகிச்சைச் சுருக்கம், மஜ்ஜை அறிக்கை, எம்.ஆர்.டி., புற்றுச் செல்லின் மரபணு மாற்றங்களைச் சொல்லும் குரோமோசோம் அறிக்கை ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. அவற்றை எடுத்துக்கொண்டு அடையாறு புற்றுநோய் மையம், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் இவற்றில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். போகும்போது கேட்க வேண்டிய கேள்வி “கீமோவா, இம்யூனோவா?” என்பதைவிட இது: “குரோமோசோம் அறிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் என் பிள்ளைக்கு நோய் திரும்பும் வாய்ப்பு எந்த அளவு? அதற்காக இப்போது எதையாவது மாற்ற வேண்டுமா?”

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். விவரம் 104இல் கேட்கலாம். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர் ரயில் கட்டணத்தில் முக்கால் பங்கும் அதற்கு மேலும் சலுகை உண்டு. மருத்துவமனையில் உரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும்.

பத்து மாதத் தம்பி இருப்பதாக ஓர் இடத்தில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். போலியோ சொட்டு மருந்து நாளில் அவனைத் தூக்கிக்கொண்டு போகும் முன் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் அண்ணனின் நோயைச் சொல்லிவிடுங்கள். சொட்டு மருந்தில் உயிருள்ள கிருமி இருப்பதால் அது வீட்டில் அண்ணனுக்குத் தொற்றலாம். தம்பிக்குப் போலியோ ஊசி மட்டும் போதும். தட்டம்மை-ரூபெல்லா ஊசியைத் தம்பிக்குத் தயங்காமல் போடலாம், போட வேண்டும். அண்ணனுக்கு மட்டும் இப்போது எந்தத் தடுப்பூசியும் மதுரை மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது.